பதினோராவது தலை

“ஒரே ஒரு நாள்” என்று லிஃப்ட்காரர் சொன்ன இடத்தில் போன வாரம் அவரை விட்டுவிட்டு வந்தோம். சொன்னவர் வாயை இறுக மூடிக்கொண்டார். அது மறுபடி திறந்து “வேண்டாம்” என்று சொல்லிவிடுவதற்குள் பொழுது விடிந்துவிட வேண்டும் என்று அம்மாவும் மகளும் அவசர அவசரமாகப் படுக்கப் போனார்கள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. லிஃப்ட்காரர் என்றால் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. தெருப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் மருந்தம்மா. மூத்த மகள் இரண்டு வருடத்துக்கு முன், பன்னிரண்டாவது வயதில், சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும்போது பெரிய ரோட்டு முனையில் இறந்துபோனாள். மோதிய காரின் பின் சீட்டில், அதே பள்ளிக்கு நேரமாகிவிட்ட இன்னொரு பிள்ளை உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு தெருவில் ஒரு பிள்ளைகூட நடக்கவில்லை. வீட்டுக்கு ஒரு வண்டி கிளம்பியது. வண்டி கூடக் கூட அந்த முனை இன்னும் மோசமானது. போன வருடம் மருந்தம்மாதான் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி, “பிள்ளைங்களை என்கூட நடக்க விடுங்க” என்று கேட்டு நடை வரிசையைத் தொடங்கினாள். பத்துப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். சேராத ஒரே பிள்ளை அவள் சொந்தப் பிள்ளை. அவளை அப்பா காரில் ஏற்றி, அந்த முனையைத் தவிர்க்க ஊரைச் சுற்றி நாலு கிலோமீட்டர் ஓட்டிப்போய் இறக்கிவிட்டு வந்தார். பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து எண்ணூறு மீட்டர்.

இனி இன்றைக்கு வருவோம்.

ஏழு மணிக்கெல்லாம் வாலு சீருடையோடு வாசலில் நின்றாள். அவளுக்கு வாலு என்று பெயர் வைத்தது அக்காதான். வைத்தவள் போய்விட்டாள், பெயர் தங்கிவிட்டது.

அப்பா முட்டி போட்டு உட்கார்ந்து ஷூ லேஸை இரட்டை முடிச்சு போட்டார். அதன் மேல் இன்னொரு முடிச்சு.

“அப்பா, சாயங்காலம் கத்தரி வெச்சுதான் எடுக்கணும்.”

“கத்தரி இருக்கு. ரோட்டைத் தாண்டும்போது என்ன பண்ணுவே?”

“அம்மா சொல்ற வரைக்கும் காலை வைக்க மாட்டேன்.”

“அப்புறம்?”

“வலது பக்கம், இடது பக்கம், மறுபடியும் வலது பக்கம் பார்ப்பேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஸ்கூலே வந்துரும்பா.”

லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. அவர் தொழிலில் ஒரு கயிறு அறுந்தால் தாங்க இன்னும் நாலு கயிறு உண்டு. அத்தனையும் அறுந்தால் பெட்டியைக் கவ்விப் பிடிக்க ஒரு பிடிப்பான் உண்டு. இங்கே ஒரே ஒருத்தியின் கவனத்தை நம்பிப் பிள்ளையை அனுப்ப வேண்டியிருந்தது.

“எண்ணுவே இல்ல?” என்றார் மனைவியிடம்.

“வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணுவேன். கண்ணு ஏமாத்தும், விரல் ஏமாத்தாது. பதினஞ்சு வருஷமா எண்ணறேன், ஒரு மாத்திரை கூடக் குறைஞ்சதில்லை.”

“மாத்திரை ஓடாது” என்றார் அவர்.

மருந்தம்மா ‘நில்’ பலகையைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒரே ஒரு நாள் கிடைத்திருக்கிறது. அதை வாய்ச்சண்டையில் கரைக்க அவளுக்கு மனமில்லை. இன்றைக்கு ஒழுங்காகப் போய் வந்தால் நாளையும் கேட்கலாம், நாளை மறுநாளும் கேட்கலாம். ஏதாவது ஒன்று பிசகினால் வாலு கல்யாணம் ஆகும்வரை காரில்தான் போவாள்.

வரிசை கிளம்பியது. பத்துப் பிள்ளைகள், கடைசியில் வாலு. ஆக மொத்தம் பதினொன்று. முன்னால் நடப்பவர் பையின் வாரைப் பின்னால் வருபவர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது வரிசையின் சட்டம். பெரிய ரோட்டுக்கு மட்டும் தனிச் சட்டம்: மருந்தம்மாவின் கை, அல்லது அந்தக் கையிலிருந்து சங்கிலியாகக் கோத்து வரும் பிள்ளையின் கை, இரண்டில் ஒன்று கையில் இல்லாமல் வெள்ளைக் கோட்டில் கால் படக்கூடாது.

வாலு வானத்தைப் பார்த்தாள், சாக்கடை மூடியைப் பார்த்தாள், சுவர் மேல் படுத்திருந்த பூனையிடம் வணக்கம் சொன்னாள். காரிலிருந்து பார்த்தால் இந்தத் தெருவில் இவையெல்லாம் இருந்ததே இல்லை. முன்னால் நடந்த மருந்தம்மா அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வரிசையின் கடைசியில் அவள் சொந்த மகள் நடந்து வந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் இதே தெருவில் இதே நேரத்தில் இன்னொருத்தி மணியடித்துக்கொண்டு போனாள்.

பெரிய ரோடு வந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று தலைகளைத் தொட்டாள். பதினொன்று. பச்சை விழுந்ததும் கைகள் கோத்துக்கொண்டன. கையில் ‘நில்’ பலகையோடு மருந்தம்மா முதலில் இறங்கினாள்.

பாதி ரோட்டில் ஒரு வேன் கோட்டுக்கு மேல் வந்து உறுமியது. மருந்தம்மா பலகையை அதன் முகத்துக்கு நேராக நீட்டினாள். வேன் பின்வாங்கியது. பின்னாலிருந்து ஒரு பிள்ளை “அத்தை! அத்தை!” என்று கூப்பிட்டது ஹாரன் சத்தத்தில் கரைந்தது. அந்தப் பக்கம் ஏறியதும் முதல் வேலையாக எண்ணினாள்.

ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு தலையிலும் விரல் பட்டது. எண்ணெய் வைத்த தலை, தொப்பி போட்ட தலை, ரிப்பன் கட்டிய தலை. கடைசியில் வாலு. அவளுக்கும் பின்னால் ஒன்று. பதினொன்று.

சரியாக இருந்தது. மருந்தம்மா சிரித்தாள். “நடங்க” என்றாள்.

பள்ளி வாசல் நூறடி தூரம்தான். அங்கே பட்டியலும் பேனாவுமாக டீச்சர் நின்றார். ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே விட்டுக் குறித்துக்கொண்டே வந்தவர், “பத்துப் பேர்தான்மா வந்திருக்காங்க” என்றார்.

“பதினொண்ணு டீச்சர். இப்பதான் எண்ணினேன்.”

“கண்ணாடிப் பொண்ணு எங்க?”

மருந்தம்மா திரும்பிப் பார்த்தாள். இரண்டாம் வகுப்புக் குள்ளச்சி, மூக்கில் நிற்காத கண்ணாடியை நிமிடத்துக்கு ஒருதரம் தள்ளிவிடுகிறவள், வரிசையின் நடுவில் நடந்தவள். அவள் இல்லை.

“நான் அப்பவே கூப்பிட்டேன் அத்தை” என்று ஒரு பையன் அழத் தொடங்கினான். “அவ கண்ணாடி கீழ விழுந்துச்சு. கையை விட்டுட்டு எடுக்கக் குனிஞ்சா, பின்னாடி இருந்தவங்க என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. நீங்க திரும்பலை.”

“நான் எண்ணினேனே. எல்லாரையும் தொட்டுத்தானே எண்ணினேன்.”

வாலு அவள் முந்தானையை இழுத்தாள். “அம்மா, எனக்குப் பின்னாடி யாரைத் தொட்டே?”

“என்னடி?”

“நான்தானே கடைசி. நீ எனக்குப் பின்னாடியும் தொட்டே. மேல, உயரமா. நான் திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை. நீ சிரிச்சே. அதான் நான் ஒண்ணும் சொல்லலை.”

மருந்தம்மா விரல் நுனியைத் தடவிப் பார்த்தாள். உச்சந்தலையில் கை வைத்த சூடு அந்த விரலில் இன்னும் இருந்தது. பதினொரு தலையில் பத்துதான் பள்ளிக்கு வந்திருக்கிறது. பதினோராவது எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பிள்ளைகளை டீச்சரிடம் தள்ளிவிட்டு ஓடினாள். செருப்பு ஒன்று கழன்று எங்கோ போனது. கைப்பைக்குள் அதிர்ந்துகொண்டிருந்த செல்போன் அவள் காதில் விழவேயில்லை. “கடவுளே, கோட்டுல கால் வெச்சிருக்கக் கூடாது, கால் வெச்சிருக்கக் கூடாது” என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு ஓடினாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கண்ணாடி நின்றுகொண்டிருந்தாள்.

அவள் பக்கத்தில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, லிஃப்ட்காரர்.

வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காரை எடுக்காமலே கிளம்பியவர், தெரு முழுக்கக் கம்பத்துக்குக் கம்பம் ஒளிந்து வரிசையின் பின்னாலேயே வந்திருக்கிறார். அவருடைய தொந்திக்குக் கம்பம் போதவில்லை. பிள்ளைகளில் பாதிப் பேர் அவரைப் பார்த்துவிட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. கண்ணாடி குனிந்ததும், வரிசை அவளை விட்டுப் போனதும் அவர் கண்ணெதிரே நடந்தன. ஓடி வந்து அவள் கையைப் பிடித்துவிட்டார். ஏழு தடவை மனைவிக்கு போன் அடித்தார். பச்சை விழுந்தது, சிவப்பு விழுந்தது, மறுபடி பச்சை விழுந்தது. அவர் இறங்கவில்லை.

இறங்க முடியவில்லை. அன்றைக்கு மகளின் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு இதே இடம் வரைக்கும்தான் கூடவே ஓடி வந்தார். “போ, ஒண்ணும் ஆகாது” என்று இங்கேதான் கையை எடுத்தார். அதற்குப் பிறகு இந்த ரோட்டை அவர் கால் தொட்டதில்லை.

மருந்தம்மா பச்சைக்குக் காத்திருந்து தாண்டி வந்தாள். குனிந்து கண்ணாடியைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்குப் பயமே இல்லை.

“மாமா கை நடுங்குது அத்தை. அதான் நான் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்” என்றாள்.

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர் கண்ணில் கோபம் மட்டும் இருந்திருந்தால் அவள் தாங்கிக்கொண்டிருப்பாள்.

“இவளைக் கொண்டுபோய் விடு” என்றார். “மத்தியானம் கடைக்கு வர்றேன்.”

மருந்துக்கடையில் அன்றைக்கு மருந்தம்மா ஒவ்வொரு சீட்டையும் மூன்று தடவை படித்தாள். பத்து மாத்திரை கேட்டவருக்குப் பத்து எண்ணி, உறையில் போட்டு, கொட்டி, மறுபடி எண்ணினாள். “உடம்பு சரியில்லையாம்மா?” என்று வந்தவர்களே விசாரித்துவிட்டுப் போனார்கள்.

ஒரு மணிக்கு லிஃப்ட்காரர் வந்தார். உள்ளங்கை கிரீஸைத் துடைக்காமல் கல்லாப் பலகை மேல் கையை ஊன்றினார். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம் ஒன்று அவரிடம் இருந்தது.

“இன்னியோட முடிஞ்சுது. என் பொண்ணு இனிமே நடக்க மாட்டா.”

“சரிங்க” என்றாள்.

சண்டைக்கு மடித்துக் கட்டி வந்தவரின் வசனம் அதோடு தீர்ந்துபோனது.

“யாரும் நடக்க வேண்டாம்” என்று அவளே தொடர்ந்தாள். “நாளையிலேருந்து வரிசை கிடையாது. எல்லார் வீட்லயும் போய்ச் சொல்லிடறேன்.”

“எண்ணினேன்னு டீச்சர்கிட்ட சொன்னியாமே. காரை எடுத்துக்கிட்டு ஸ்கூலுக்குப் போய்ப் பார்த்தேன், வாலு சொன்னா. எப்படிப் பதினொண்ணு வரும்?”

மருந்தம்மா மாத்திரைத் தட்டை ஓரமாக நகர்த்தினாள். “பெரியவளை எண்ணிட்டேங்க.”

அவர் புரியாமல் பார்த்தார்.

“வாலுக்குப் பின்னாடி நின்னா. நான் பார்க்கலை, விரல்தான் பார்த்துச்சு. எண்ணிக்கை சரியா இருந்துச்சு. மனசு நிறைஞ்சு போச்சு. ரெண்டு வருஷத்துல அவ்வளவு சந்தோஷமா நான் இருந்ததே இல்லைங்க. அந்த நேரத்துல யாரோ பெத்த பொண்ணு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்குது. நான் சிரிச்சுக்கிட்டே நடந்து போறேன். இப்படிப்பட்டவளை நம்பி யாரு பிள்ளையை அனுப்புவாங்க?”

லிஃப்ட்காரர் திட்டுவார் என்று நினைத்தாள். டாக்டரைப் பார்க்கலாம் என்பார் என்று நினைத்தாள். அவர் பலகை மேல் இன்னும் கொஞ்சம் குனிந்தார். குரல் அடங்கிப் போயிருந்தது.

“கை எவ்வளவு உயரத்துல போச்சு?”

மருந்தம்மா கையை உயர்த்திக் காட்டினாள். அவளுடைய தோள் மட்டத்துக்கு வந்து அந்தக் கை நின்றது.

“அப்ப உன் நெஞ்சு வரைக்கும்தானே இருந்தா” என்றார்.

“ஆமாங்க.”

“வளர்ந்திருக்கா.”

“பதினாலு வயசு ஆகுதில்ல.”

அந்தரத்தில் நின்ற அந்தக் கையையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் இறந்த நாளிலிருந்து அவர்கள் இருவரும் சேர்ந்து அவளைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை. இருமல் மருந்துக்கு வந்து நின்ற ஒருவர், “மெதுவாக் குடுங்கம்மா, அவசரமில்லை” என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வெளியே போய் இருமினார்.

அவர் போன பிறகு லிஃப்ட்காரர் கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். கையிலிருந்த கிரீஸ் மூக்கில் அப்பிக்கொண்டது.

“காலையில நான் ஒண்ணு பார்த்தேன்” என்றார். “அந்தப் பொண்ணு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு நிமிர்ந்தா. நீங்க பாதி ரோட்டுல இருக்கீங்க. நான் இன்னும் பக்கத்துல போகலை. ஒரு கார்க்காரன் வண்டியை நிறுத்தி, ‘போம்மா, போ’ன்னு கையைக் காட்டறான். அவன் வண்டிக்கு அந்தப் பக்கமா மறைஞ்சு ஒரு பைக் வேகமா வருது, அவனுக்கே தெரியலை. அந்தப் பொண்ணு தலையை ஆட்டிட்டு அப்படியே நின்னுச்சு. கையில கை இல்லாம கோட்டுல கால் வைக்கக் கூடாதாம். என்கிட்டயே சட்டம் பேசுது.”

மருந்தம்மா பலகைக்கு இன்னும் அருகில் வந்தாள்.

“நீ சொல்லிக்குடுத்தது அது. நான் பெரியவளுக்கு பிரேக் பிடிக்கச் சொல்லிக்குடுத்தேன், பெல் அடிக்கச் சொல்லிக்குடுத்தேன். நிக்கறதுக்குச் சொல்லிக்குடுக்கலை. யாராவது ‘போ’ன்னு சொன்னாப் போயிடக் கூடாதுன்னு சொல்லிக்குடுக்கலை. நானே ‘போ’ன்னு சொன்னேன்.”

அவள் பலகையின் குறுக்கே கையை நீட்டி அவர் கையைப் பிடித்தாள். காலையில் கண்ணாடி பிடித்த மாதிரியே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் வாலுவோடு மூன்று பேருமாகக் கண்ணாடியின் வீட்டுக்குப் போனார்கள். கண்ணாடிக்கு அப்பா இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ், இரவு வேலை. காலையில் மகளை வரிசையில் விட்டுவிட்டுப் படுப்பவள், மகள் வரும் நேரத்துக்கு எழுந்திருப்பாள். வரிசை இல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் இல்லை. இது மருந்தம்மாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் மணியை அழுத்தினாள்.

“என்ன எல்லாரும் ஒண்ணா வந்திருக்கீங்க?” என்று தலையை முடிந்துகொண்டே கதவைத் திறந்தாள் நர்ஸம்மா. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த கண்ணாடி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வாயைத் திறக்கவில்லை என்பது புரிந்துவிட்டது.

சொல்லாமலே திரும்பிவிடலாம். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தோம் என்றால் முடிந்தது. மருந்தம்மாவுக்கு அந்த ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய் சொன்னவளாவேன்.

“காலையில உங்க பொண்ணை ரோட்டுக்கு அந்தப் பக்கம் விட்டுட்டுப் போயிட்டேன்” என்றாள் மருந்தம்மா. “என் பொண்ணை எண்ணிட்டு உங்க பொண்ணை விட்டுட்டேன். இந்தப் பொண்ணை இல்லை. செத்துப்போன பொண்ணை.”

நர்ஸம்மா தலையை முடிந்த கையைக் கீழே இறக்கினாள். பிறகு உள்ளே திரும்பி, “ஏண்டி என்கிட்ட சொல்லலை?” என்றாள்.

“சொன்னா நீ அனுப்ப மாட்டே” என்றாள் கண்ணாடி. “நான் நின்னேம்மா. கோட்டுல கால் வைக்கவேயில்லை.”

நர்ஸம்மா மகளை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். தலை முதல் கால் வரை ஒருமுறை தடவிப் பார்த்தாள். எத்தனையோ அம்மாக்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்படித் தடவுவதைப் பார்த்தவள் அவள்.

“உங்களை மன்னிக்கறதா வேண்டாமான்னு எனக்குத் தெரியலை” என்றாள் கடைசியில். “அதை ராத்திரி டியூட்டில யோசிச்சுக்கறேன். நாளைக்குக் காலையில ஏழே முக்காலுக்கு இவ இந்த வாசல்ல நிப்பா. யாரு எண்ணப் போறீங்க? அதை இப்பவே சொல்லுங்க.”

மருந்தம்மா தன் விரலைப் பார்த்தாள். 

“முன்னாடி இவ எண்ணட்டும்” என்றார் பின்னால் நின்ற லிஃப்ட்காரர். “பின்னாடியிலேருந்து நான் எண்ணறேன். ரெண்டு எண்ணிக்கையும் ஒத்து வந்தாத்தான் வரிசை நகரும்.”

“பெரிய ரோட்டுலயுமா?” என்றாள் நர்ஸம்மா.

“ஆமாம்மா. பெரிய ரோட்டுலயும்.”

“அந்தப் பக்கமும் எண்ணணுமே.”

“எண்ணறேன்.”

“அப்பா, அந்தப் பக்கம் எண்ணணும்னா நீ ரோட்டைத் தாண்டணும்ப்பா” என்றாள் வாலு.

லிஃப்ட்காரர் மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வாய் சொல்லிவிட்டது. கால் கேட்குமா என்று அவருக்கே தெரியவில்லை.